தாராவியில் ஒரு மிக்ஸ் பீரியட்

பம்பாய்க்குப் போய் அங்கே இருக்கிற தமிழ் டீச்சர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் ஆபீஸில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லை. சங்கரன்கோவில் பக்கம் அரசு ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவள். இப்போது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய், வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். மணி அடித்த பிறகு அந்த டீச்சரோடு உட்கார்ந்து பேசுவேன். நாளைக்கு எதை மாற்றிப் பார்க்கலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்வோம். மறுநாளும் போய் உட்காருவேன். அவ்வளவுதான் வேலை. காகிதத்தில் அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒருவரும் பின்பெஞ்சில் உட்கார்ந்தது கிடையாது.

தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே தமிழ்ப் பிரிவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை என்று அந்தப் பள்ளி டீச்சர் ஒருத்தியே எங்களுக்கு எழுதிக் கேட்டிருந்தாள். அதிகாரி கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். டீச்சரே கேட்டதால் போனேன்.

ரயிலில் தூங்காமல் வந்ததாலோ என்னவோ, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரிதான் அந்த ஊருக்குள் நுழைந்தேன். அந்தத் தூக்கம் வாரம் முழுக்கக் கலையவில்லை. மழை விட்டும் விடாமலும் இருந்தது. கட்டடங்களுக்குக் கால் இருந்தது, தலை இல்லை. பாதிக்கு மேல் மேகம் தின்றிருந்தது.

தங்கினது திலக் நகரில், அண்ணன் வீட்டில். அண்ணன் அணுசக்தி நகரில் டெக்னீஷியன். காலையில் ஆபீஸ் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து போடும். நடுவில் என்ன செய்கிறார் என்று இதுவரைக்கும் சொன்னதில்லை. பால்கனியில் நின்றால் தூரத்தில் எண்ணெய் ஆலையின் தீ தெரிந்தது. மழைக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது.

"அது அணையாது. நா கல்யாணமாகி வந்த அன்னைக்கும் இப்படித்தான் எரிஞ்சுது. யாரோ அணைக்க மறந்துட்டாவன்னு நெனச்சேன்" என்றாள் மைனி.

மைனி பொம்பில் என்ற மீனை ரவையில் புரட்டிப் பொரித்திருந்தாள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஒன்றுமே இல்லை. முள் எங்கே என்று நாக்கால் தேடிக்கொண்டிருக்கும்போதே கரைந்துவிடுகிறது. நம் ஊரில் மீன் என்றால் மீன். இங்கே மீனையும் மேகத்தில் செய்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் மைனி டிபனைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தினாள். "குர்லாவுல இறங்கி மாறு. ஸ்லோ வண்டி பாத்து ஏறு. ஃபாஸ்ட்ல ஏறிராத. சயான் அடுத்த ஸ்டேஷன். அங்கன இறங்கிரு."

ஸ்லோவா ஃபாஸ்டா என்று பார்க்க யார் விட்டார்கள். குர்லா பாலத்தில் இறங்கும்போதே என் கால் தரையில் இல்லை. பெண்கள் பெட்டிக்குள் கொண்டுபோய்ச் செருகிவிட்டார்கள். ஜன்னலில் சயான் என்ற பலகை வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை. நான் வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தேன். எதிரே மடியில் தட்டு வைத்துக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள் ஹிந்தியில் சொன்னாள்: "போனது போகட்டும். அடுத்தது தாதர்தான். அழாதே."

நான் அழவில்லை. தமிழில் திட்டினால் அவர்களுக்கு அழுகையாகக் கேட்கிறது போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். ஒருத்தி மராத்தியில் இன்னொருத்தியிடம் ஏதோ சொல்ல, அவள் எனக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தாள். அதைச் சப்பிக்கொண்டே தாதர் வரை போய், எதிர்வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன். முதல் நாளே தாமதம்.

அந்தப் பள்ளியின் மாடிப்படிதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கீழே மராத்தி வகுப்புகள். முதல் மாடியில் ஹிந்தியும் உருதும். இரண்டாம் மாடியில் தமிழ். நான் ஏறும்போது எல்லா வகுப்பிலும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லா மொழியிலும் வாய்ப்பாட்டுக்கு ஒரே ராகம்தான். படி ஏற ஏற ஒரு மொழி இன்னொரு மொழிக்குள் கரைந்தது. திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எந்த மாடியில் இருக்கிறேன் என்பது காதுக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு எழுதியவள் ஜெனிஃபர், போன வருஷம் வேலைக்கு வந்த இரண்டாம் வகுப்பு டீச்சர். தாராவியிலேயே பிறந்து, இதே பள்ளியில் படித்தவள். அப்பா அம்மாவுக்கு நாசரேத் பக்கம். "வாங்கக்கா, தாதர் பாத்துட்டு வந்தியளா? எல்லாரையும் அந்த வண்டி ஒரு தடவ கூட்டிட்டுப் போயிரும்" என்று சிரித்தாள். நேராக என்னை நாலாம் வகுப்பு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே வராமல் ஓடிவிட்டாள். ஏன் ஓடினாள் என்று அப்புறம் தெரிந்தது.

நாலாம் வகுப்பு லலிதா டீச்சர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கஞ்சி போட்ட சேலை, ஒரு மடிப்புக் கலையாது. நான் உள்ளே போனதும் பிள்ளைகள் எழுந்து "வணக்கம் டீச்சர்" என்று இழுத்துப் பாடினார்கள். லலிதா டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு பிள்ளையைப் பார்த்தார். அவர் பேர் சொல்வதற்கு முன்னாலேயே அது எழுந்துவிட்டது. எஸ்தர். ஒடிசலான பெண், இரட்டைப் பின்னல். புத்தகத்தை விரித்துக்கொண்டு கணீரென்று வாசித்தாள். நிறுத்தம், ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது.

கண் மட்டும் ஜன்னலில் இருந்தது. நான் பக்கத்தில் போய் இரண்டு பக்கம் புரட்டிவிட்டேன். அவள் பழைய பக்கத்தையே தொடர்ந்து வாசித்தாள்.

விரலை ஒரு சொல்லில் வைத்து "இது என்ன?" என்றேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "மரம்" என்று லலிதா டீச்சரே சொல்லிவிட்டார். "மரம்" என்றாள் எஸ்தர், நிம்மதியாக.

மத்தியானம் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றிச் சாப்பிட்டார்கள். டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிட்டு, எல்லோரும் எல்லோருடையதிலும் கையை விட்டார்கள். லலிதா டீச்சரின் மோர்க்குழம்பை ஜெனிஃபர் ஊற்றிக்கொண்டாள். ஜெனிஃபர் வைத்திருந்த மசால் போளியை மூன்றாம் வகுப்பு சாகுல் சார் எடுத்துக்கொண்டார். சாகுல் சார் கடையநல்லூர்க்காரர். அதிகம் பேசமாட்டார், நன்றாகச் சாப்பிடுவார்.

நான் கேட்டேன்: "நீங்க ஒருத்தர் வகுப்புல இன்னொருத்தர் உக்காந்து பாத்திருக்கியளா?"

மூன்று பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பள்ளியில் ஒரு டீச்சர் இன்னொரு டீச்சர் வகுப்புக்குள் கால் வைக்கமாட்டார். சாக்பீஸ் கடன் கேட்பதென்றால் கூட வாசலில் நின்றபடிதான். உள்ளே வருகிறவர் இன்ஸ்பெக்‌ஷன்காரர் ஒருவர்தான். எழுதி வைத்த விதி இல்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. டப்பாவைத் திறக்கிறார்கள், வகுப்பைத் திறப்பதில்லை. அதனால் இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று மூன்றாம் வகுப்புக்குத் தெரியாது. நாலாம் வகுப்புக்கு வரும்போது அந்தப் பிள்ளை விழுந்ததை மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கும்.

"எஸ்தருக்கு வாசிக்கத் தெரியாது. உங்களுக்கு அது தெரியுமா?" என்று லலிதா டீச்சரிடம் கேட்டேன். எனக்கு இனிக்கப் பேச வராது.

அவர் டப்பாவை மூடினார். "இவா ஆத்துல ஹிந்தி பாதி, ஊர்ப்பேச்சு பாதி. புஸ்தகத் தமிழ் காதுலயே விழாது. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ."

"எங்க வீட்டுலயும் ஊர்ப்பேச்சுதான் டீச்சர்" என்றாள் ஜெனிஃபர். "நீங்கதான என்னைய நாலாப்புல வாசிக்க வெச்சிய."

"நீ வரச்சயே வாசிச்சிண்டுதான் வந்தே" என்றார் லலிதா டீச்சர். அத்தோடு எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜெனிஃபர் வகுப்பில் உட்கார்ந்தேன். ஒரே சத்தம். அவள் முதலில் புத்தகத்தைத் தொடவே இல்லை. "இன்னைக்குக் காலைல என்னட்டி நடந்துச்சு?" என்று ஒரு பெண்ணைக் கேட்டாள். "தண்ணி வரல டீச்சர். அம்மா என்னைய டப்பா குடுத்து அனுப்பிச்சு. அங்க ஏக்தம் கூட்டம்" என்றது அது. அவள் அதை அப்படியே போர்டில் எழுதினாள். ஏக்தம் என்ற ஹிந்திச் சொல்லையும் விடவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்தார்கள். சொன்ன பிள்ளைக்கே சொல் அடையாளம் தெரிந்தது. அடையாளம் தெரிந்த சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்தார்கள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து அதே எழுத்துகளை அங்கே தேடினார்கள். எந்தப் பிள்ளை திணறினாலும் அவள் சொல்லைச் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும் அளவுக்குக் காத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். தினமும் ஒரு பீரியட், நாலாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஜெனிஃபர் வகுப்புக்குப் போகும். வாசிக்கத் தெரிந்ததுகள் லலிதா டீச்சரிடமும் சாகுல் சாரிடமும். சாகுல் சார் அதற்கு மிக்ஸ் பீரியட் என்று பேர் வைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

"அழைச்சிண்டு போங்கோ. மத்தவாளுக்காவது நிம்மதியாப் பாடம் நடத்தலாம்" என்றார் லலிதா டீச்சர். எனக்கு எரிச்சல். ஆனால் ஒப்புக்கொண்டாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த எரிச்சல் நியாயமில்லாதது என்று மறுநாள் தெரிந்தது.

புதன்கிழமை மிக்ஸ் பீரியட் ஆரம்பித்தது. எஸ்தர் இரண்டாம் வகுப்பில் பையைக் கழற்றாமல், கடைசிப் பெஞ்சில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அன்றைக்கு அவ்வளவுதான்.

பள்ளி விட்ட பிறகு லலிதா டீச்சர் எதிர்பாராமல், "மாட்டுங்கா பாத்திருக்கேளா? வாங்கோ, நல்ல காபி குடிக்கலாம்" என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். தாராவியின் எண்ணெய்ப் புகையும் தோல் வாசனையும் சேலையிலிருந்து போவதற்குள் மல்லிகைப்பூ வாசனை வந்துவிட்டது. ஒரே மழைதான் இரண்டு இடத்திலும் பெய்கிறது. இங்கே அது மரங்கள் வழியாக இறங்குகிறது. பூக்கடை, வாழையிலை, வெற்றிலை, தமிழில் பெயர்ப்பலகை. கும்பகோணத்துத் தெரு ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து இங்கே படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ரச வடையும் காபியும் சாப்பிட்டோம். வடை நன்றாக இருந்தது. காபி அதைவிட நன்றாக இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பசிக்கும்.

காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே லலிதா டீச்சர் சொன்னார்: "எழுத்துலேர்ந்து ஆரம்பிக்க நேக்குத் தெரியாது. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து நாலாம் க்ளாஸ்தான். அப்பல்லாம் படிச்சிண்டு வருவா. நான் செய்யுள் சொல்லிக்கொடுப்பேன், கட்டுரை எழுத வைப்பேன். இப்ப ஒண்ணும் தெரியாம வரா. என்ன பண்றதுன்னு புரியலே. அதான் காதால கேட்டு மனப்பாடம் பண்ண வெச்சுடறேன். கேக்கறதுக்காவது நன்னா இருக்கட்டுமேன்னு."

இதைச் சொல்ல அந்த அம்மாளுக்கு எவ்வளவு பாடு என்று முகத்தில் தெரிந்தது. நான் குரலைத் தணித்துக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லை. "ஜெனிஃபர் வகுப்புல வந்து உக்காருங்க. ஒரு பீரியட்தான். உங்க பிள்ளைங்க பக்கத்துலயே உக்காருங்க" என்றேன்.

"ஜெனிஃபர் க்ளாஸ்லயா? அவ என்கிட்ட படிச்ச பொண்ணு. நான் உள்ள போனா எழுந்து நிப்பா. குழந்தைகள் என்ன நெனைக்கும்?" என்று சிரித்தார். பேச்சை மாற்றி, மோனோ ரயில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். வடாலா வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

அந்த மோனோ ரயிலில் கூட்டமே இல்லை. பெட்டிக்கு ஓரிருவர். லோக்கல் வண்டியில் நசுங்கியவர்களுக்கு இது ஏதோ தண்டனை மாதிரி இருக்கும் போல. சத்தமில்லாமல், மெதுவாக, ஒற்றைச் சுவரின் மேல் ஊர்ந்தது. கீழே உப்பளங்கள், சதுப்பு நிலத்துச் செடிகள், நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள், ஒரு கூரை மேல் காயாத பள்ளிச் சட்டை. எல்லாம் சாம்பல் நிறத்தில் மிதந்தன. வண்டி போகிறதா, ஊர் நகர்கிறதா என்று தெரியவில்லை. தூங்கிவிட்டேன். கனவில் போர்டில் ஒரு சொல் எழுதியிருந்தது, அதை எனக்கு வாசிக்க வரவில்லை. சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கண் விழித்தபோது செம்பூர். வண்டி நின்று வெகுநேரமாகியிருந்தது. காவலாளி என்னை எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பள்ளிப் படியில் சண்டை. எஸ்தரின் அம்மா பாக்கியம் வந்திருந்தாள். முறுக்கு, சேவு போடும் பட்டறையில் வேலை. கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தாள், பின்னால் இன்னும் சில பெண்கள்.

"நாலாப்புப் பிள்ளைய ரெண்டாப்புல எறக்கிட்டியளாம். பைப்புல தண்ணி புடிக்கப் போனா எல்லாரும் கேக்காவ. எம் பிள்ள என்ன களவாண்டாளா?"

ஜெனிஃபர் சொல்லிப் பார்த்தாள்: "எறக்கல மைனி. ஒரு பீரியட் மட்டும் என் க்ளாஸ்ல..."

"ரெண்டாப்புல உக்காந்தா ரெண்டாப்புதான். ஒரு பீரியடு, ஒம்பது பீரியடுன்னு கணக்கு இருக்கா? எனக்கு சர்டிபிகேட் குடுங்க. எங்க சந்துல இங்கிலீஷ் ஸ்கூல் இருக்கு. அங்கன சேத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாவ."

இங்கேதான் நான் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தேன். "உங்க பிள்ளைக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ் ஸ்கூல்ல போயி என்ன செய்வா? அங்கயும் மனப்பாடம்தான் பண்ணுவா" என்றேன்.

படியில் நின்ற பெண்கள் எல்லோரும் எஸ்தரைப் பார்த்தார்கள். எஸ்தர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள்.

பாக்கியம் கத்தவில்லை. அது இன்னும் மோசம். "தெரியாதுன்னு இப்பவா சொல்லுதிய? வருசா வருசம் பாஸுன்னு போட்டுக் குடுத்தது யாரு? நல்லா வாசிக்கா, நல்லா வாசிக்கான்னு சொன்னது யாரு? எனக்குப் படிப்புக் கெடையாது. நீங்க சொன்னா நம்புவேன். வேற என்ன செய்ய?"

லலிதா டீச்சர் மேல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாரேன். எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு பாக்கியம் இறங்கினாள். கூட வந்த பெண்களும் இறங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தன. ஒன்று போனால் எல்லாம் போகும் என்று ஜெனிஃபர் சொன்னாள். ஆனால் எனக்கு அப்போது மற்றதெல்லாம் தோன்றவில்லை. அந்தச் சந்துப் பள்ளியில் எஸ்தர் இன்னொரு புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பாள். அவளைப் பார்த்து இன்னொரு டீச்சர் நன்றாக வாசிக்கிறாள் என்பாள். இதற்கப்புறம் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். அது மட்டும்தான் தோன்றியது.

அன்று சாயங்காலம் தாராவிக்குள் சும்மா நடந்தேன். ஒரு சந்தில் முறுக்கு பொரிகிறது, அடுத்த சந்தில் தோல் பை தைக்கிறார்கள், அதற்கடுத்ததில் பழைய பிளாஸ்டிக்கை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு ஒரு வாசலிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் பேசியவன் ஹிந்திக்கு மாறிவிட்டான். வடா பாவ் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். போண்டாவுக்கு எதற்கு ரொட்டி என்று கேட்கலாம் என்றிருந்தேன். சாப்பிட்ட பிறகு கேட்கவில்லை. மழை இருட்டில் எல்லா விளக்குகளும் தண்ணீருக்கடியில் எரிகிற மாதிரி தெரிந்தன. நான் வந்திருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மிக்ஸ் பீரியட் மணி அடித்தபோது நான் ஜெனிஃபர் வகுப்பில் இருந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தன. கடைசியில் எஸ்தர். எஸ்தருக்குப் பின்னால் லலிதா டீச்சர்.

வாசலில் ஒரு கணம் நின்றார். ஜெனிஃபர் அனிச்சையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "நிக்காதேம்மா. நான் உக்கார வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். தன் வகுப்பில் மிச்சமிருந்த பிள்ளைகளையெல்லாம் சாகுல் சாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த அறையில் சார் எல்லாரையும் நெருக்கி உட்கார வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டாம் வகுப்புப் பெஞ்சு குட்டையானது. கஞ்சி போட்ட சேலை அதில் உட்கார மறுத்தது. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. எஸ்தர் சிரிக்கவில்லை. பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அன்றைக்கு ஜெனிஃபர் எஸ்தரைத்தான் கேட்டாள்: "உங்க வீட்டுல காலைல என்ன நடந்துச்சு?" எஸ்தர் வெகுநேரம் யோசித்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா முறுக்கு சுடப் போகல. என்னையக் கூட்டிட்டுப் போக வாரா." ஜெனிஃபரின் கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு அதை அப்படியே போர்டில் எழுதினாள்.

பாக்கியம் வந்து வாசலில் நின்றது அப்போதுதான். கையில் குடை, சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் எழுந்திருக்கப் போனேன். ஜெனிஃபர் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். வாயை மூடு என்றும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

எஸ்தர் போர்டைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். "அம்மா" வந்துவிட்டது. அடுத்த சொல்லில் நின்றாள்.

லலிதா டீச்சரின் உதடு பிரிந்தது. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷப் பழக்கம். அவர் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஜெனிஃபர் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். கீழே இருந்து மராத்தி வாய்ப்பாடு படியேறி வந்தது, நடுவழியில் ஹிந்தி அதோடு சேர்ந்துகொண்டது. வெளியே மழை. நேரம் போகவில்லை. நாங்கள் எல்லோரும் ஏதோ தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"மு" என்றாள் எஸ்தர். பிறகு நிறுத்தி, "று" என்றாள். மறுபடி முதலிலிருந்து போனாள். "முறுக்கு."

எஸ்தர் யாரையும் பார்க்கவில்லை. கண் போர்டில்தான் இருந்தது. அடுத்த சொல்லுக்குப் போனாள்.

முழு வாக்கியமும் முடிய வெகுநேரம் பிடித்தது. ஒரு சொல்லை விட்டுவிட்டாள். முடித்ததும் பாக்கியம் உள்ளே வந்தாள்.

"அது போன வருசமே மனப்பாடம் பண்ணதா?" என்று ஜெனிஃபரிடம் கேட்டாள்.

"இப்பத்தான் மைனி அவ சொன்னா. சொன்னத எழுதினேன்."

பாக்கியம் போர்டைப் பார்த்தாள். அவளுக்கு அது கோடுகள். பிறகு பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த லலிதா டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு டீச்சர் இங்கன உக்காந்திருக்கிய? உங்களையும் எறக்கிட்டாவளா?"

வகுப்பே சிரித்தது. லலிதா டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஆமாம்மா. உன் பொண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க நேக்குத் தெரியலே. தெரியாமலேயே நன்னா வாசிக்கறாள்னு சொன்னேன். இந்தப் பொண்ணுக்குத் தெரியறது. அதான் கத்துக்க வந்திருக்கேன்."

வாசலில் மற்ற அம்மாக்களும் வந்து நின்றிருந்தார்கள். பாக்கியம் குடையை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"சரி. நீங்க எப்ப பாஸாகி நாலாப்புக்குப் போறியளோ, அன்னைக்கு எம் பிள்ளையும் உங்ககூட வரட்டும். அதுவரைக்கும் நீங்களும் இங்கனதான் இருக்கணும். இவள மட்டும் தனியா இங்க உட்டுட்டு நீங்க மேல போனீயன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே வந்து சர்டிபிகேட் வாங்கிருவேன். பைப்புல கேட்டாவன்னா, டீச்சரும் கூட உக்காந்திருக்காவன்னு சொல்லுவேன். பொய்யாகிறக் கூடாது."

லலிதா டீச்சர் என்னைப் பார்த்தார். இது அவர் பாடு. நான் மறுநாள் ரயில் ஏறிவிடுவேன். அவர்தான் தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தான் படிக்க வைத்த பெண்ணின் முன்னால்.

"சரிம்மா" என்றார்.

பாக்கியம் போய்விட்டாள். பட்டறையில் அரை நாள் மிச்சமிருந்தது. மற்ற அம்மாக்கள் கொஞ்ச நேரம் நின்று, லலிதா டீச்சரை நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் சொல்வதற்காகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

லலிதா டீச்சர் பெஞ்சில் நகர்ந்து, காலை எப்படி வைப்பது என்று இரண்டு மூன்று விதமாகப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை.

"ஜெனிஃபர், திங்கக்கெழமைக்கு இதைவிடக் கொஞ்சம் ஒசரமா ஒரு பெஞ்சு கெடைக்குமா? முட்டி வலிக்கறது."

ஜெனிஃபர் போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "இந்த க்ளாஸுல எல்லாருக்கும் ஒரே பெஞ்சுதான் டீச்சர். கால நீட்டிக்கிடுங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

கொஞ்ச நேரம் கழித்து லலிதா டீச்சர் செருப்பைக் கழற்றினார். காலை நீட்டினார்.